வீட்டை யாரிடம் ஒப்படைத்துப் போனோம்?

(‘நெடும்பயணம்: முன்னேற்பாடுகள்’ என்ற தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசியவர்கள் நல்ல பட்டியல் ஒன்றைத் தந்தார்கள். படுக்கையும் அடுப்பும் வைத்த கேம்பர் வேனில் எதை எங்கே அடுக்குவது, தண்ணீர் எவ்வளவு, எரிவாயு எவ்வளவு என்றார்கள். வீட்டைப் பூட்டும் முன் குழாயை அடை, மின்விசையை நிறுத்து, பூனைக்குச் சோறு போட ஆள் பார், பத்திரிகைக்காரரிடம் சொல்லிவிடு என்றார்கள். பள்ளி விடுமுறை வந்தால் பிரிஞ்சாங்கிலிருந்து திரிங்காப் வழியாகக் கம்போங் ராஜா வரை வண்டிகள் வரிசை கட்டி நிற்பதைக் காண்கிறோம். அந்த வண்டிகளில் உள்ளவர்களுக்கு இந்தப் பட்டியல் உதவும். நான் வரலாறு படிப்பவன். எனக்கு அந்தப் பட்டியலைக் கேட்டபோது வேறொரு பட்டியல் நினைவுக்கு வந்தது.

திரிங்காப்பிலும் கோலா தெர்லாவிலும் ரிங்லெட்டிலும் இன்று வாழும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு நெடும்பயணம் உண்டு. ஒரு பாட்டனோ பூட்டியோ ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு குடிசையின் படலைச் சாத்திவிட்டுக் கிளம்பியிருக்கிறார். அவர் என்ன எடுத்துக்கொண்டார்? வீட்டை யாரிடம் விட்டார்? திரும்பி வருவோம் என்று நினைத்தாரா? இந்த மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு நம் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கலாம்.

பயணத்துக்கான ஏற்பாடு இரண்டு வகை. கையோடு கொண்டுபோவதற்கான ஏற்பாடு ஒன்று. விட்டுப் போவதற்கான ஏற்பாடு மற்றொன்று. முதலாவது சரியாக இல்லாவிட்டால் வழியில் சிரமப்படுவோம். இரண்டாவது சரியாக இல்லாவிட்டால் திரும்பி வர இடமே இருக்காது. நம்மவர்கள் முதலாவதைத் திறமையாகச் செய்தார்கள். இரண்டாவதில்தான் அடிபட்டார்கள்.

நாள் பார்த்தவர்களும் இரவோடு கிளம்பியவர்களும்

மலாயாவுக்குச் சஞ்சிக்கூலியாக ஆள் கொண்டுவரும் முறை 1910ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே கங்காணி முறை வேரூன்றிவிட்டது. தோட்டத்தில் வேலை செய்த ஒருவரையே துரை ஊருக்கு அனுப்புவார். அவர் தம் கிராமத்திலும் அக்கம்பக்கத்திலும் உறவுமுறை சொல்லி ஆள் சேர்த்துக்கொண்டு வருவார். 1907இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியர் குடிவரவுக் குழுவும், தோட்ட முதலாளிகளிடம் தலைவரி போல வசூலித்துச் சேர்த்த தமிழர் குடிவரவு நிதியும் கப்பல் செலவை ஏற்றுக்கொண்டன. ஆகவே வருகிறவன் கப்பல் கட்டணத்துக்காகக் கடன்பட வேண்டியதில்லை என்பது சட்டம். ஆனால் கங்காணி கையில் கொடுத்த முன்பணம் வேறு கதை.

ஊரில் ஏற்பாடு எப்படி நடந்தது? நாள் பார்ப்பார்கள். எந்தக் கிழமையில் எந்தத் திசைக்குச் சூலம் என்று பார்ப்பார்கள். குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார்கள். நல்லபடியாகத் திரும்பி வந்தால் முடிப்பை அவிழ்த்துக் காணிக்கை செலுத்துவதாக வேண்டுதல். இந்த முடிப்பைச் சற்றே எண்ணிப் பாருங்கள். திரும்பி வருவேன் என்பதற்கு அவர்கள் எழுதிவைத்த ஒப்பந்தம் அதுதான். அதைக் கட்டித் தொங்கவிட ஓர் இறவாரம் ஊரில் இருந்தாக வேண்டும்.

பிறகு உணவு. பல நாள் கெடாதது எது என்று நம் பெண்களுக்குத் தெரியும். புளிச்சோறு இரண்டு நாளைக்குத் தாங்கும். அவல், பொரி, கருப்பட்டி, காய்ந்த நார்த்தங்காய் அதற்கு மேலும் தாங்கும். பல் உடையும் பொரிவிளங்காய் உருண்டை எத்தனை நாள் கடந்தாலும் கெடாது. இப்படி ஒவ்வோர் உணவுக்கும் ஆயுள் கணக்கிட்டு மூட்டை கட்டினார்கள்.

வீட்டுப் பக்கம் என்ன? மாடு இருந்தால் அண்ணன் தம்பி வீட்டுத் தொழுவத்துக்குப் போகும். காணி நிலம் இருந்தால் ஒத்திக்குப் போகும். பாத்திரங்கள் பரணுக்குப் போகும். வயதான தாய் தகப்பன் மூத்தவன் பொறுப்பு. மாதம் தவறாமல் மணியார்டர் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போவான். அந்த மணியார்டரை நம்பித்தான் மளிகைக்கடைக்காரர் கடன் கொடுப்பார்.

ஆனால் எல்லோரும் இப்படி நாள் பார்த்துக் கிளம்பியவர்கள் அல்லர். பண்ணையாருக்குக் கடன்பட்டிருந்தவனுக்குப் பகலில் கிளம்ப வழியில்லை. சொல்லிக்கொள்ளாமல் இரவோடு இரவாகப் போனவர்கள் உண்டு. கங்காணியின் ஆசைவார்த்தையில் மயங்கி, வீட்டுக்குத் தெரியாமல் போன இளைஞர்களும் உண்டு. இந்தக் குழப்பத்தைத் தடுக்கத்தான் 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டமும் அதன் விதிகளும் வந்தன. கங்காணிக்கு உரிமச் சீட்டு வேண்டும். சேர்த்த ஆளைக் கிராம முனிசீப்பிடம் நேரில் காட்ட வேண்டும். ஊரில் யாருக்கும் ஆட்சேபம் இல்லையென்றால் முனிசீப் கையெழுத்திடுவார்.

அந்தக் கையெழுத்துதான் நம் முன்னோர் பலரின் பயணத்தில் முதல் காகிதம். ஆனால் அது கங்காணியின் சட்டைப்பையில் இருந்தது. போகிறவர் கையில் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

செட்டியார் செய்த ஏற்பாடு

அதே கடலை அதே காலத்தில் கடந்த இன்னொரு தமிழரை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். செட்டிநாட்டு நகரத்தார் மலாயாவிலும் பர்மாவிலும் வட்டித்தொழில் நடத்தினார்கள். முதலாளி ஊரில் இருப்பார். அவருடைய கடையை அக்கரையில் நடத்த முகவர் போவார். போகும் முன் சம்பளச் சீட்டு எழுதிக்கொள்வார்கள். பொதுவாக மூன்றாண்டுத் தவணை. சம்பளத்தில் ஒரு பகுதி முன்னதாகவே கைக்கு வரும், அது குடும்பச் செலவுக்கு. தவணை முடிந்தால் கணக்கு ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பி ஓய்வெடுப்பார். பிறகு மறுபடி போவார்.

அவருக்குப் பின்னால் ஊரில் வீடு இருந்தது. வீட்டில் ஆச்சி இருந்தார். நகரக்கோயிலில் அவருடைய பெயருக்குப் புள்ளி இருந்தது. கையில் எழுத்து இருந்தது. ஆகவே அவர் போனது பயணம். போனார், வந்தார். தோட்டத்துக்குப் போனவருக்கும் அவருக்கும் இடையில் இருந்தது பணம் மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. எழுதிவைத்த தவணையும் எழுதிவைத்த பெயரும் பெரிய வேறுபாடு.

கப்பல் தளத்தில் ஒரு வீடு

தோட்டத்துக்குச் செல்வோர் தங்க நாகப்பட்டினத்திலும் சென்னைக்கு அருகே ஆவடியிலும் முகாம்கள் இருந்தன. அங்கே மருத்துவர் பார்ப்பார். அம்மை குத்துவார்கள். கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

கப்பல் என்றால் நம் பெரியவர்கள் வாயில் வரும் பெயர் ராஜுலா. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்துக்காக 1926இல் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சுவெட்டன்ஹாம் துறைமுகம், சிங்கப்பூர் என்பது அதன் வழி. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிக்கொள்ள அதற்கு உரிமம் இருந்தது. ஐயாயிரம் பேர் என்றால் ஒரு சிறு நகரமே நகர்கிறது என்று பொருள். அதனுடன் பிறந்த இன்னொரு கப்பல் ரோனா. அது இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களை ஏற்றிச் சென்றபோது, 1943 நவம்பர் 26 அன்று மத்தியதரைக் கடலில் ஜெர்மானியரின் குண்டுக்கு இரையாயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ராஜுலா தப்பிப் பிழைத்து 1973 வரை நம்மவர்களை ஏற்றி இறக்கியது.

தளப் பயணி என்றால் அறை கிடையாது, கட்டில் கிடையாது. பாய் விரித்த இடம்தான் வீடு. தகரப்பெட்டி அந்த வீட்டுக்குச் சுவர். அதுவே அலமாரி, அதுவே இருக்கை, குழந்தைக்கு அதுவே தொட்டிலின் ஓரம். பெட்டிகளை வரிசையாக வைத்து ஒரு குடும்பம் தன் எல்லையை வகுத்துக்கொள்ளும். மழைச்சாரல் படாத இடம், இயந்திரச் சூடு தாக்காத இடம், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து இடம் என்று முந்தியவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அடிக்கடி தேவைப்படுவது பெட்டியின் மேலே இருக்க வேண்டும், எப்போதோ தேவைப்படுவது அடியில் போக வேண்டும். வேனில் சாமான் அடுக்குவதற்கு இன்று சொல்லித்தரும் பாடமும் இதுதானே! நகரும் வீட்டில் குடித்தனம் நடத்துவது நமக்குப் புதிதன்று. வங்காள விரிகுடாவின் மேல் அதைச் செய்து பழகியவர்கள் நம் பாட்டிமார்.

கரை தெரிந்ததும் இறங்கிவிட முடியாது. பினாங்குக்கு வந்தவர்களை ஜெரஜாக் தீவில் தனித்து வைத்தார்கள். தொற்றுநோய் இல்லை என்று உறுதியான பிறகே உள்ளே விட்டார்கள். அங்கே துணிகளையும் சாமான்களையும் மருந்து ஆவியில் இட்டு எடுப்பது வழக்கம். அம்மா வைத்து அனுப்பிய மடிப்பு அங்கே கலைந்துபோகும்.

மலைக்கு ஏறிய பெட்டி

இனி நம் மலைக்கு வருவோம். வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885இல் இந்தப் பக்கம் வந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது. ஆனால் நாற்பது ஆண்டுகள் இது காடாகவே கிடந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகே மலைவாசத்தலமாக்கும் திட்டம் உருப்பெற்றது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுள்ள மலைச்சாலை வெட்டும் வேலை 1920களின் பிற்பகுதியில் தொடங்கி 1930ஐ ஒட்டி முடிந்தது.

1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் என்ற தொழிலதிபர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற மில்ன் என்பவர் துணைக்கு வந்தார். ஒரு நீராவி உருளை, சில கோவேறு கழுதைகள், ஆட்கள். இவற்றைக் கொண்டே செங்குத்தான காட்டைத் திருத்தினார்கள் என்பது அந்நிறுவனம் சொல்லிவரும் வரலாறு. அடுத்து 1933இல் பாரத் தேயிலைத் தொழில் தோன்றியது. வடக்கே கம்போங் ராஜா பக்கம் புளூ வேலி தோட்டம் எழுந்தது.

ஆண்டைக் கவனியுங்கள். 1929இல் உலகப் பொருளாதார மந்தம் தொடங்கியது. ரப்பர் விலை சரிந்தது. 1930 முதல் 1932 வரையான காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் மலாயாவிலிருந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கீழே ரப்பர்த் தோட்டங்களில் ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்த அதே வேளையில் மேலே தேயிலைக்கு ஆள் தேவைப்பட்டது. ஒரே ஊரிலிருந்து வந்த இருவரில் ஒருவன் பினாங்குக்கு இறங்கிக் கப்பலேறியிருப்பான். மற்றவன் தாப்பாவில் லாரி ஏறி மலைக்கு வந்திருப்பான்.

வந்தவன் பெட்டியில் எல்லாம் இருந்தது, ஒன்றைத் தவிர. திருச்சியிலும் சேலத்திலும் தஞ்சையிலும் கட்டிய பெட்டியில் கம்பளிக்கு என்ன வேலை? இங்கேயோ இரவில் குளிர் 15 பாகை அளவுக்கு இறங்கும். கொழுந்து பறிக்கும் காலை நேரத்தில் மேகம் தரையில் கிடக்கும். போகும் இடத்தைப் பற்றிப் போகிறவருக்குச் சரியாகச் சொல்லாவிட்டால் எந்த ஏற்பாடும் பாதிதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பூட்ட முடியாத வீடு

தோட்டத்தில் கிடைத்தது லயத்து வீடு. அது தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை வீடு இருக்கும். வேலை போனால் வீடும் போகும். நம் மக்களின் வரலாற்றில் மிகப் பெரிய செய்தி இதுதான் என்பேன்.

மூன்று நான்கு ஆண்டு உழைத்துப் பணம் சேர்த்து ஊருக்குப் போய்வர நினைக்கும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கொண்டுபோகும் பெட்டி கம்பீரமானது. கோடாலித் தைலம், புலித் தைலம், போர்வை, கைவிளக்கு, அத்தை மகளுக்குச் சேலை. ஆனால் விட்டுப் போகும் வீட்டுக்கு என்ன ஏற்பாடு? வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போக முடியாது. கிராணியிடம் விடுப்பு எழுதிக்கொள்ள வேண்டும். ஆட்டையும் கோழியையும் அடுத்த வீட்டு அக்காவிடம் விட வேண்டும். கொல்லைக் கீரைப்பாத்திக்கு அவரே தண்ணீர் ஊற்றுவார். விடுப்பு நாள் கடந்தால் அந்த வீட்டில் வேறு குடும்பம் குடியேறிவிடக்கூடும். ஊர்க்குடிசையோ அதற்குள் சரிந்திருக்கும், ஒத்தி வைத்த நிலமோ மீளாமல் போயிருக்கும். இரண்டு கரையிலும் உறவு இருந்தது. இரண்டு கரையிலும் வீடு இல்லை.

1938 ஜூன் மாதத்தில் இந்திய அரசு மலாயாவுக்கு உதவிப்பணத்தில் தொழிலாளர் செல்வதைத் தடை செய்தது. போய்வந்து கொண்டிருந்த ஓட்டம் அதோடு மெலிந்தது. அடுத்து வந்த போர் கடலையே அடைத்தது.

ஜப்பானியர் காலத்தில் நம்மவர்கள் செய்த பயணம் ஏற்பாடே இல்லாத பயணம். 1942 நடுவிலிருந்து 1943 அக்டோபர் வரை சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டார்கள். அதற்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். சில மாத வேலை என்று சொல்லி அழைத்தார்கள். பிறகு வீதியில் நின்றவனையும் ஏற்றினார்கள். மாற்றுத்துணி கூட இல்லாமல் போனவர்கள் பலர். போனவன் பெயரைத் தோட்டத்தில் முறையாக யாரும் எழுதிவைக்கவில்லை. அதனால் மாண்டவர் எத்தனை பேர் என்பதற்கு இன்றும் தலைக்கணக்கு இல்லை, மதிப்பீடுதான் இருக்கிறது.

பெட்டியில் இல்லாத காகிதம்

இப்போது நான் முன்பு நினைவில் வைக்கச் சொன்னதற்கு வருகிறேன்.

1957 ஆகஸ்டு 31 அன்று நாடு சுதந்திரம் அடைந்தது. அன்று முதல் ஓராண்டுக்கு, போதிய ஆண்டுகள் இங்கு வாழ்ந்தவர்கள் மலாய்மொழித் தேர்வு இல்லாமலே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்ற சலுகை இருந்தது. பலர் விண்ணப்பித்தார்கள். பலர் விண்ணப்பிக்கவில்லை. தோட்டத்தை விட்டு வெளியே போகாத மனிதருக்கு அந்தக் காகிதத்தின் அருமை தெரியவில்லை. ஊரில் கட்டிவைத்த மஞ்சள் முடிப்பு இன்னும் அவிழாமல் இருக்கிறதே என்ற நினைப்பு சிலருக்கு. எப்படியும் ஒருநாள் திரும்பப்போகிறோம், இங்கே எதற்குப் பத்திரம் என்று இருந்துவிட்டார்கள். அவர்கள் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை.

1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடிமகன் அல்லாதவர் வேலை செய்ய அனுமதிச்சீட்டு வேண்டும் என்றது. 1969 மே மாதக் கலவரத்துக்குப் பிறகு அதைக் கடுமையாக நடைமுறைப்படுத்தினார்கள். ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். முப்பது, நாற்பது ஆண்டு உழைத்தவர்கள் அவர்களில் இருந்தார்கள்.

அவர்கள் மறுபடியும் பெட்டி கட்டினார்கள். இந்த முறை நாள் பார்த்தது அரசாங்கம். சமையல் பாத்திரத்தை அண்டை வீட்டாருக்குக் கொடுத்தார்கள். சாமிப் படத்தைத் துணியில் சுற்றினார்கள். நீல அட்டை வைத்திருந்த மகன் இங்கே, சிவப்பு அட்டை வைத்திருந்த தகப்பன் கப்பலில் என்று குடும்பங்கள் பிரிந்தன. போய்ச் சேர்ந்த ஊரில் அவர்களை ‘மலாயாக்காரர்’ என்றார்கள். அந்தக் கப்பல் போக்குவரத்தும் நீடிக்கவில்லை. ராஜுலாவுக்குப் பின் வந்த சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பல உயிர்களைப் பலிகொண்டது. அதன் பிறகு அந்த வழி மெல்ல மூடிவிட்டது.

இது நமக்கு மட்டும் நேர்ந்த துன்பமன்று. நம்மைப் போலவே தேயிலையோடு வாழ்ந்த இலங்கை மலையகத் தமிழரை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று இரு நாடுகளும் பங்கு போட்டுக்கொண்டன. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குப் பெட்டிகளோடு கப்பல் கப்பலாக வந்தார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968இல் நீலகிரியில் தமிழக அரசின் தேயிலைத் திட்டம் தொடங்கியது. ஒரு மலையில் கொழுந்து பறித்த கை இன்னொரு மலையில் கொழுந்து பறித்தது. வேலை கிடைத்தது. வீடு அங்கேயும் தோட்டத்து வீடுதான்.

பத்து வெள்ளியில் தொடங்கிய ஏற்பாடு

விட்டுப் போவதற்கான ஏற்பாட்டில் நாம் அடிபட்டோம் என்றேன். அதை உணர்ந்து செயல்பட்டவர்களும் நம்மிடையே இருந்தார்கள். 1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுவிட்டுப் போகத் தொடங்கியபோது, தோட்டம் கைமாறினால் தொழிலாளியின் வீடும் போய்விடும் என்று துன் வீ.தி.சம்பந்தன் கண்டார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களைச் சேர்த்தார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அச்சங்கத்தின் தொடக்ககாலச் சொத்து.

பத்து வெள்ளி அன்று சிறுதொகை அல்ல. ஆனால் அதில் ஒரு புதிய எண்ணம் இருந்தது. அதுவரை மிச்சம் பிடித்த காசு மணியார்டராகக் கடல் கடந்து போனது. முதல் முறையாக அது இந்த மண்ணிலேயே நிலமாக நின்றது. மஞ்சள் முடிப்பு இந்தப் பக்கத்து இறவாரத்துக்கு இடம் மாறியது என்று சொல்லலாம்.

தோட்ட வீடுகளின் தரத்துக்கென்று 1990இல் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம் வந்தது. குடிநீர், மின்சாரம், அறை அளவு பற்றியெல்லாம் அது பேசுகிறது. நல்ல சட்டம். ஆனால் நல்ல வீடு என்பதும் சொந்த வீடு என்பதும் வேறு வேறு. ஓய்வுபெறும் வயதில் அந்த வேறுபாடு தெரியும்.

நாம் செய்ய வேண்டியவை

இன்று திரிங்காப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து வெட்டுபவர்களிலும் காய்கறிப் பண்ணையில் வேலை செய்பவர்களிலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா, மியன்மார் நாடுகளிலிருந்து வந்தவர்களைக் காண்கிறோம். அவர்களும் ஒரு வீட்டை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வந்தவர்கள். அவர்கள் பையிலும் தாய் கட்டிக்கொடுத்த ஏதோ ஒரு தின்பண்டம் இருந்திருக்கும். அவர்களுடைய காகிதமும் சில வேளைகளில் முகவர் பையில்தான் இருக்கிறது. நம் பாட்டனை நினைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்தால் நம் பேச்சு கொஞ்சம் மாறும்.

நம் பிள்ளைகளோ படித்துவிட்டுக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இறங்கிப் போகிறார்கள். போகட்டும், போக வேண்டும். ஆனால் மூன்று காரியங்களை இந்த மன்றத்தின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, காகிதம். நம் சமூகத்தில் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாமல் இன்றும் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். தாய் தகப்பன் திருமணத்தைப் பதியாததால் பிள்ளையின் பள்ளிச்சேர்க்கை வரை தடுமாறும் வீடுகள் இருக்கின்றன. அடுத்த விடுமுறைக்குப் பெட்டி கட்டும் முன் ஒரு மாலை நேரம் உட்கார்ந்து, வீட்டில் ஒவ்வொருவருக்கும் எந்தப் பத்திரம் இருக்கிறது, எது இல்லை என்று பாருங்கள். இல்லாதவற்றுக்குத் தேசியப் பதிவு அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். 1969இல் நின்றவரையும் போனவரையும் பிரித்தது உழைப்பு அல்ல, அட்டையின் நிறம்.

இரண்டாவது, வீடு. தோட்டத்து வீட்டில் இருப்பவர்கள் வேலைக்காலம் முடிவதற்கு முன்பே சொந்தக் கூரைக்கு வழி தேடுங்கள். ஓய்வுபெறும் மாதத்தில் தேடத் தொடங்கினால் அது ஏற்பாடு ஆகாது, அலைச்சல்தான் ஆகும்.

மூன்றாவது, நினைவு. எண்பது வயதைத் தாண்டிய பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். குழந்தையாகக் கப்பல் தளத்தில் படுத்துவந்தவர்கள் அவர்களில் சிலர். எந்த ஊர், எந்த ஆண்டு, எந்தக் கப்பல், பெட்டியில் என்ன இருந்தது, வீட்டை யாரிடம் விட்டு வந்தீர்கள் என்று கேளுங்கள். கேட்டதை எழுதிவையுங்கள். செட்டியாரிடம் சீட்டு இருந்தது, நம்மிடம் இல்லை. அந்தச் சீட்டை இனி நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

வேனில் தண்ணீரும் எரிவாயுவும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். குழாயை அடையுங்கள். விளக்கை அணையுங்கள். சாவியைத் திருப்பும்போது, பூட்டுவதற்குச் சொந்தமாக ஒரு கதவு கிடைக்க நம் குடும்பங்களுக்கு எத்தனை தலைமுறை ஆயிற்று என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். போய்வாருங்கள். பயணம் நல்லபடியாக அமையட்டும்.